மறியல் மரத்துல எடுத்த மொட்டை

எங்க ஓரகத்தி அமிர்தத்தைப் பத்திச் சொல்லணும்னா, எண்பத்தேழாம் வருசம் ஆவணி மாசம் எங்க தெருவுல மொட்டைத் தலைங்க பெருகின கதையிலேருந்துதான் ஆரம்பிக்கணும். வடக்கனந்தல்ல எங்க தெரு சின்னது. அதுல முதல்ல மொட்டை ஆனவரு அமிர்தத்தோட புருசன் கண்ணுசாமி. அடுத்தாப்புல எங்க வீட்டுக்காரர். அப்புறம் எங்க பெரிய பையன். பால் ஊத்துறவரு ஒருத்தரு சும்மா வேடிக்கை பார்க்க நின்னாரு, அவரையும் புடிச்சு உக்கார வச்சு எடுத்துட்டாங்க. பஸ்ஸுல போறவங்க சன்னல்ல தலைய நீட்டி, "இன்னாய்யா, தெருவோட திருப்பதி போயிட்டு வந்துட்டீங்களா?" ன்னு கேட்டுக்கினு போவாங்க.

யாரும் எங்கேயும் போகலை. எல்லாம் அமிர்தம் பண்ண வேலை. அவ பொண்ணு அம்சவள்ளி தலைமுடிக்காகப் பண்ணது.

முறையைச் சொல்லிடுறேன். கண்ணுசாமியும் எங்க வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி புள்ளைங்க. கண்ணுசாமியோட அம்மா சாமியம்மாள் எனக்குச் சின்ன மாமியா. அந்த வழியில அமிர்தம் எனக்கு ஓரகத்தி. இன்னொரு வழியும் உண்டு. அமிர்தத்தோட பெரியம்மாவைத்தான் எங்க தாய்மாமன் கட்டினாரு, அந்த வழியில நாத்தனார் முறை. ரெண்டுமே சண்டைக்குன்னு ஏற்பட்ட முறைதான். ஆனா எங்களுக்குள்ள சண்டை கம்மி. அவளுக்குச் சண்டை போட நேரம் கிடையாது. அம்சா இருந்தா.

அம்சா பொறந்தப்போ அவ்வளவு லட்சணம். நடக்கிற வயசுல நடந்தா. பேசுற வயசுல பேசலை. கூப்பிட்டா திரும்ப மாட்டா. காது செவிடுன்னு சொன்னாங்க. செவிடு எங்க? கொல்லையில இருப்பா, அடுப்பங்கரையில நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிச்சா வந்து நிப்பா. முகத்தைப் பார்க்க மாட்டா, என் கையைப் புடிச்சு அந்தப் பொட்டலத்து மேல வைப்பா. எனக்கு என்னமோ அந்தக் கை, பேசுற புள்ளைங்களோட வாயை விடத் தெளிவா இருக்கிற மாதிரி தோணும்.

கோவம் வந்தா மட்டும் தாங்க முடியாது. மணிக்கட்டைக் கடிச்சுக்குவா. சுவத்துல தலைய முட்டிக்குவா. மேளச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கினு எந்தத் திசைன்னு இல்லாம ஓடுவா. ஒரு தரம் கரும்புக்கொல்லையில பூந்துட்டா, ஊரே தேடினோம். சோறுன்னா சாமைச் சோறும் மோரும் மட்டும்தான். நெல்லுச்சோறு வச்சா தட்டு பறக்கும். வெள்ளிமலைப் பக்கத்துச் சடையன்தான் அவளுக்குச் சாமை கொண்டாந்து குடுப்பாரு. மலையில சாமையும் தினையும் பயிர் வைக்கிற குடும்பம். எங்க குலசாமி மலைச்சரிவுல இருக்கிற பெருமாள். அவருக்குப் பூசையும் அவருதான்.

புளியங்கொட்டை ஒரு சொப்பு நிறையக் குடுத்துட்டா போதும், அம்சா தரையில வரிசை வச்சுக்கினே இருப்பா. கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். அந்த வரிசையை யாராவது மிதிச்சுட்டா அன்னிக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியாது.

பேச்சுன்னு அவ வாயிலேருந்து முதமுதல்ல வந்தது அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. "போலாம் ரைட்." எங்க தெரு முனையில பஸ் நிக்கும், கண்டக்டர் விசில் அடிச்சு அப்படிச் சொல்லுவாரு. ஒருநாள் சாப்பிட்டு முடிச்சுட்டுத் தட்டைத் தள்ளி, கணீர்னு "போலாம் ரைட்" ன்னா. கண்ணுசாமி தலையில அடிச்சுக்கினாரு. "ஏழு வயசுல பேசுற முதல் பேச்சு, அதுவும் என்னை எறக்கி வுட்டுட்டுப் போற பேச்சா?"

அமிர்தம் மட்டும் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கினா. "அக்கா, அவ சும்மா சொல்லலை. சோறு முடிஞ்சிட்டா சொல்றா. முடிஞ்சா வண்டி கெளம்பும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." அன்னிலேருந்து குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி சொம்புகளை வரிசையா மொண்டு வைப்பா. ஒவ்வொண்ணா ஊத்துவா. கடைசிச் சொம்பு ஊத்தினதும் "போலாம் ரைட்" ன்னு அவளே சொல்லுவா. எப்போ முடியும்னு கண்ணால பார்க்க முடிஞ்சா அம்சா பொறுத்துக்குவா. பார்க்க முடியலைன்னாதான் பயம், பயம் வந்தாதான் கடி. அப்புறம் இன்னொண்ணும் கண்டுபுடிச்சா. அம்சாவுக்கு வெறி ஏறுறப்போ நெல்லு மூட்டை ரெண்டுக்கு நடுவுல நெருக்கமா உக்கார வச்சா அடங்கிடும். நாமளா தடவிக் குடுத்தா எரியும் போல, மூட்டை அழுத்தினா பிடிக்கும். வந்த சனம் இன்னாம்மா புள்ளைய மூட்டை சந்துல சொருகி வச்சிருக்கேன்னு கேட்டா, "அது அவ ரூமு" ம்பா.

இதெல்லாம் வழிக்கு வந்துச்சு, தலைமுடி வரலை.

எங்க குடும்பத்துல முதல் மொட்டை பெருமாளுக்குத்தான். அதுவும் தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் எடுக்கணும். அது ஆகாம கத்தி படக்கூடாது. அம்சாவுக்கு மூணு வயசுல ஒரு தரம் போனோம். மேளம் கொட்டினதும் மாமன் தங்கதுரை தொடையைக் கடிச்சுட்டு ஓடிட்டா. அஞ்சு வயசுல இன்னொரு தரம். நாலு பேரு புடிச்சுக்கினோம், நானும் புடிச்சேன். உச்சந்தலையில ஒத்தையடிப் பாதை மாதிரி ஒரு கோடு எடுத்ததோட சரி. அந்தப் பாதையும் அப்புறம் மூடிக்கிச்சு. சீப்பு பட விடமாட்டா, எண்ணெய் பட விடமாட்டா. முடி சடை புடிச்சு, உள்ள புண்ணு வந்துடுச்சு. அரிப்பு தாங்காம தலைய சுவத்துல முட்டுவா. கள்ளக்குறிச்சி டாக்டரு பார்த்துட்டு, "முடிய எடுக்காம இந்தப் புண்ணு ஆறாதும்மா" ன்னுட்டாரு.

சின்ன மாமியா சாமியம்மாள் கெட்டவங்க கிடையாது. ஆனா பயம் புடிச்சவங்க. "ரெண்டு தரம் சாமி வேணாம்னுட்டாரு. மூணாந்தரமும் ஆகலைன்னா இது வேற சமாச்சாரம். கோடாங்கிகிட்ட கொண்டுபோயிட வேண்டியதுதான்" ன்னாங்க. அந்தக் கோடாங்கி வேப்பிலைக் கொத்தால அடிச்சுத்தான் பேயை எறக்குவாரு. கூடவே சாட்டையும் உண்டு.

அமிர்தம் அரிசி பொடைச்சுக்கினு இருந்தவ முறத்தைக் கீழ வச்சா.

"எம்பொண்ணு மேல அடி வுழாது அத்தை."

"அப்போ மொட்டை எடுத்துக் காட்டு."

"எடுக்கிறேன். புரட்டாசி முதல் சனிக்கிழமை."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே கண்ணுசாமியை வாசல்ல உக்கார வச்சுட்டா.

விசயம் என்னன்னா, கத்தின்னா இன்னான்னு அம்சாவுக்குத் தெரியணும். தலையில பட்டா வலிக்காதுன்னு தெரியணும். எடுத்தா அது முடிஞ்சிடும்னும் தெரியணும். அதுக்கு அவ கண்ணு முன்னால யாராவது மொட்டை அடிச்சுக்கணும். முதல் நாள் அம்சா கொல்லைக்கு ஓடிட்டா. எங்க வீட்டுக்காரருக்கு எடுத்தப்போ கதவு சந்துலேருந்து பார்த்தா. எங்க பையனுக்கு எடுத்தப்போ கிட்ட வந்து, கீழ வுழுந்த முடியைக் காலால தள்ளினா. பால்காரருக்கு எடுத்து முடிச்சதும் அவரு மண்டை மேல உள்ளங்கையை வச்சு வழவழன்னு தேய்ச்சா. சிரிச்சா. பால்காரரு அசையலை. "முடி போனா போவுது, இந்தப் புள்ள சிரிச்சு நான் பார்த்ததில்ல" ன்னாரு.

தலை மீந்தது ஒண்ணே ஒண்ணுதான். தங்கதுரை தலை.

தங்கதுரை அமிர்தத்தோட ஒரே தம்பி. கள்ளக்குறிச்சி ரோட்டுல அவங்க ஊர். அப்போ கலியாணம் ஆகலை. ஸ்டெப் கட்டிங் வச்சிருப்பான், காதை மூடிக்கினு பின்கழுத்து வரைக்கும் இறங்கும். பையில சீப்பு இல்லாம அவனைப் பார்த்தவங்க கிடையாது. "அம்சா கண்ணுக்கு நீயும் ஒருதரம் காட்டுடா" ன்னு அக்கா கேட்டதுக்கு, "மாமன் மடி குடுக்கிறேன்க்கா, மண்டை வரைக்கும் கேக்காதே" ன்னுட்டான். மேளமும் வேணாம்னு சொல்லிப் பார்த்தா அமிர்தம். அதுக்கும், "மாமன் சீரு மேளம் இல்லாம வந்தா ஊரு சிரிக்கும்" ன்னு டிராக்டரும் மேளமும் சொல்லி வச்சுட்டான்.

இதுக்கு நடுவுலதான் மறியல் வந்துச்சு. படிப்புலயும் வேலையிலயும் எங்க புள்ளைங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேணும்னு ஒரு வாரம் ரோடு மறியல். அந்தப் பக்கத்துக்குத் தங்கதுரைதான் தலைவன். அந்த வாரத்துல வேற ஊருங்கள்ல துப்பாக்கி வெடிச்சு உசுருங்க போச்சு, குடிசைங்க எரிஞ்சுது. அதைச் சிரிச்சுக்கினு சொல்ல எனக்கு வாய் வராது. எங்க ரோட்டுல அப்படி எதுவும் நடக்கலை, அதனால இதைச் சொல்றேன்.

வியாழக்கிழமை தங்கதுரையும் ஆளுங்களும் ரோட்டோரத்துலயே பெரிய புளியமரமா பார்த்து அறுத்துக் குறுக்கே சாய்ச்சாங்க. அதோட விட்டானா? ஆளுங்க கலைஞ்சிடப் போறாங்களேன்னு, எல்லாரும் பார்க்கக் கற்பூரத்தைக் கொளுத்தி, அடிச்சு அணைச்சு, "மறியல் முடியிற வரைக்கும் இந்த மரத்தை வுட்டு நகர மாட்டேன்" ன்னு சத்தியம் பண்ணிட்டான். பண்ணிட்டு வந்து பீடி பத்த வச்சப்புறம்தான் சனிக்கிழமை நெனப்பு வந்துச்சாம். கோயில், மரத்துக்கு இந்தாண்ட, எங்க ஊரையும் தாண்டி. சீரு டிராக்டரு மரத்துக்கு அந்தாண்ட. நடுவுல சத்தியம்.

டிராக்டரை மட்டுமாவது சுத்தி வுடலாம்னு பார்த்திருக்கான். அவன் ஆளுங்களே வுடலை. "ஆஸ்பத்திரி வண்டி தவிர எந்த வண்டியும் போவக் கூடாதுன்னு நீதானண்ணே சொன்னே."

சனிக்கிழமை காலையில பஸ் இல்ல, ஜீப் இல்ல. சடையன் மலையிலேருந்து கால் நடையா இறங்கி, கோயில் தீர்த்தம் ஒரு செம்புலயும் சாமை ஒரு பையிலயும் எடுத்துக்கினு எங்களைக் கூட்டிப் போக வந்துட்டாரு. அதே நேரத்துல தங்கதுரை அனுப்பின ஆள் வந்து விசயத்தைச் சொன்னான். சாமியம்மாள் அப்படியே உக்காந்துட்டாங்க.

"பார்த்தியா? மூணாந்தரமும் தட்டிப் போச்சு. மாமன் மடி இல்லாம எப்படி? சாமியே வேணாங்கிறாரு."

அமிர்தம் அம்சாவுக்குச் சாமைச் சோத்தைப் பிசைஞ்சுக்கினு இருந்தா. அம்சா ஒரு கையால சோறு வாங்கிக்கினு இன்னொரு கையால தலையை பிராண்டினா. விரல்ல ரத்தம். அதைப் பார்த்துட்டு அமிர்தம் எழுந்தா.

"மடி வர முடியாதுன்னா நாம மடிகிட்ட போவோம்."

"கோயில் இங்க, மடி அங்க. சாமிக்கு முன்னாடி எடுக்காத முடி ஒரு முடியா?"

எனக்கு அப்போதான் ஞாபகம் வந்துச்சு. "சின்னத்தை, உங்க நடு நாத்தனார் அம்மாக்கண்ணு இருந்தாங்களே, அவங்க மூத்த பையனுக்கு மொட்டை எடுக்கப் போனப்போ கோமுகி ஆத்துல வெள்ளம் வந்துச்சில்ல? இக்கரையிலயே மாமன் மடியில எடுத்து, மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சு, தண்ணி வடிஞ்சப்புறம்தான் சாமிகிட்ட சேர்த்தாங்க. முடிச்சுப் போட்டது நீங்கதான்."

"அது ஆறு" ன்னாங்க சாமியம்மாள்.

"இது ரோடு. ரெண்டுமே தாண்ட முடியலை."

சாமியம்மாள் சடையனைப் பார்த்தாங்க. அவரு பையைத் தோள் மாத்திக்கினு, "பெருமாளு மலைமேல இருந்து பார்க்குறவரு. அங்கேருந்து ரோடும் தெரியும், மரமும் தெரியும். தீர்த்தம் என் கையில இருக்குது. வாங்க, வெயில் ஏறுது" ன்னாரு. சாமியம்மாள் முணுமுணுத்துக்கினே உள்ள போய் ஒரு மஞ்சத்துணியை எடுத்து இடுப்புல சொருகிக்கினாங்க.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். வெத்தலை ரெண்டு தரம் போடுற தூரம். எந்நேரமும் லாரியும் பஸ்ஸுமா ஆரன் அடிச்சுக்கினு கிடக்கிற ரோடு, அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. நடு ரோட்டுல ஒரு நாய் படுத்துத் தூங்குச்சு. மத்த நாள்ல ரோட்டுல அம்சாவைக் கொண்டுபோனா கையை உதறிக்கினு ஓடுவா, காதைப் பொத்திக்குவா. அன்னிக்கு எங்களுக்கு முன்னால குதிச்சுக்கினு போனா. நடு ரோட்டு வெள்ளைக் கோடு மேலயே நடந்தா. கண்ணுசாமி, "இந்த மறியல் ஒரு வருசம் இருந்தாலும் எனக்குச் சம்மதம்" ன்னாரு.

மரத்துகிட்ட போனா அந்தாண்ட டிராக்டர் நிறைய பழத்தட்டு, மேளக்காரங்க, நாவிதர் இருசப்பன். இந்தாண்ட மறியல் ஆளுங்க கோஷம் போட்டுக்கினு இருந்தாங்க. சத்தத்தைக் கேட்டதும் அம்சா நின்னுட்டா. கை காதுக்குப் போச்சு. அடுத்தது மணிக்கட்டு வாய்க்குப் போகும்னு எங்களுக்குத் தெரியும்.

அமிர்தம் நேரா தம்பிகிட்ட போனா. "டேய், உன் ஆளுங்களை வாயைக் கட்டச் சொல்லு."

"இன்னாக்கா, மறியல்ல கோஷம் போடாம..."

"மரம்தான குறுக்க கிடக்குது, அது கோஷமா போடுது? மேளத்தையும் தொடக்கூடாதுன்னு சொல்லிடு."

தங்கதுரை கையைத் தூக்கினான். ஆளுங்க நிறுத்திட்டாங்க. விசயம் தெரிஞ்சதும் பீடியைக் கூட அணைச்சுட்டு, கிளைங்க மேல வரிசையா உக்காந்துக்கினாங்க. ஒரு பெரியவரு, "நெசமாவே குழந்தைக்கு மொட்டையாடா? அப்போ நல்ல காரியம்" ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினாரு.

"இப்போ நீ உக்காரு" ன்னா அமிர்தம் தம்பியை.

"மடிக்குத்தானே?"

"முதல்ல மண்டைக்கு."

தங்கதுரை கை தானா சீப்புப் பைக்குப் போச்சு. "அக்கா, கற்பூரம் அணைச்சப்போ முடியைக் குடுக்கிறேன்னு நான் சொல்லலை."

"அவ உன்னைத்தான் கடிச்சா. உன் தலையில கத்தி பட்டு நீ சிரிச்சாதான் உன் மடியில உக்காருவா."

அவன் ஆளுங்க முகத்தைப் பார்த்தான். எல்லாரும் வேற பக்கம் பார்த்தாங்க. அப்புறம் அம்சா தலையைப் பார்த்தான். சடைக்கு நடுவுல புண்ணு. போய் அடிமரத்துல உக்காந்தான். இருசப்பன் மரத்தைத் தாண்டி வந்து கத்தியைத் தீட்டினாரு. ஸ்டெப் கட்டிங் படிப்படியா ரோட்டுல இறங்குச்சு. "சிரிடா" ன்னு அமிர்தம் சொல்லச் சொல்ல அவன் பல்லைக் காட்டினான். அது சிரிப்பா அழுகையான்னு அவனுக்கும் தெரியாது.

முடிஞ்சதும் அம்சா மெல்ல வந்தா. மாமன் மண்டையைத் தேய்ச்சுப் பார்த்தா. சிரிச்சா. அப்புறம் அவளா ஒரு காரியம் பண்ணா. சாஞ்ச மரத்துல பெரிய கிளை ரெண்டா பிரியிற கவட்டை ஒண்ணு, சுத்திலும் இலை அடர்ந்து கூடு மாதிரி. அதுக்குள்ள போய் இடுக்கிக்கினா. நெல்லு மூட்டை சந்து மாதிரியே. அமிர்தம் தம்பி முதுகுல ஒரு தட்டு தட்டி, "போ, அவ பின்னாடி நெருக்கி உக்காரு. கை வைக்காதே, உடம்பால அழுத்து" ன்னா. அவன் கவட்டையில பூந்து உக்கார, அம்சா அவன் மடியில சாஞ்சுக்கினா. 

அமிர்தம் கிளையிலேருந்து புளியம்பிஞ்சு கை நிறையப் பறிச்சா. ஒண்ணை அம்சா கையில குடுத்தா. அம்சா அதை மரத்து மேல வச்சா. இருசப்பன் ஒரு வழிப்பு வழிச்சாரு. அடுத்த பிஞ்சு. அடுத்த வழிப்பு. பிஞ்சு தீர்ந்தா மொட்டை முடியும், அதுதான் கணக்கு. சடையன் செம்புலேருந்து தீர்த்தத்தைச் சொட்டுச் சொட்டா விட்டாரு. சடை ஒவ்வொண்ணா கழண்டு வுழுந்துச்சு. சாமியம்மாள் ஒண்ணு விடாம மஞ்சத்துணியில பொறுக்கிப் போட்டாங்க.

அமிர்தம் போட்ட கணக்கு ஒரு இடத்துல தப்பிடுச்சு. புண்ணு இருந்த இடத்துல இருசப்பன் நிதானமா எடுத்தாரா, பின்னந்தலை மீந்துபோச்சு, கையில பிஞ்சு தீர்ந்துபோச்சு. அம்சா கையை நீட்டினா. வெறுங்கை. முகம் மாறுச்சு. "போலாம்" ன்னு உதடு குவியுது. இப்போ எழுந்தா இனி எப்பவும் உக்கார மாட்டா.

அமிர்தம் திரும்பிக் கையை மட்டும் நீட்டினா. வாயைத் திறக்கலை. மேல கிளையில உக்காந்திருந்த பெரியவருக்கு எப்படிப் புரிஞ்சுதோ, ஒரு பிஞ்சைப் பறிச்சுப் பக்கத்துல இருந்தவன்கிட்ட குடுத்தாரு. அவன் அடுத்தவன்கிட்ட. மறியல் பண்ண வந்த அத்தனை பேரும் சத்தமில்லாம புளியம்பிஞ்சு பறிச்சுக் கை மாத்திக் கை மாத்தி அனுப்புறாங்க. மேளக்காரங்களும் மரத்து மேல ஏறிட்டாங்க. அம்சா வாங்கி வாங்கி வரிசை வச்சா.

அப்பதான் போலீஸ் வேன் வந்துச்சு.

எஞ்சின் சத்தத்துல அம்சா தோள் விறைச்சுது. தங்கதுரை இன்னும் நெருக்கி உக்காந்தான். வேன் நின்னு, ஏட்டு ஒருத்தர் லத்தியோட இறங்கினாரு. ஏதோ அதட்ட வாயைத் திறந்தாரு. கிளை மேல இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல உதட்டு மேல விரலை வச்சாங்க. அவரு வேலையில அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டாரு. இலை சந்துல எட்டிப் பார்த்தாரு. கத்தி, குழந்தை, மஞ்சத்துணி. கையைக் காட்டி டிரைவரை எஞ்சினை நிறுத்தச் சொன்னாரு. காலடியில ஒரு பிஞ்சு தவறி வுழுந்து கிடந்துச்சு. குனிஞ்சு எடுத்து, பக்கத்துல நின்ன மேளக்காரர்கிட்ட நீட்டினாரு.

அதுதான் கடைசிப் பிஞ்சு. அம்சா அதை வரிசை கடைசியில வச்சா, நேரா இருக்குதான்னு பார்த்தா. இருசப்பன் காதோரம் கடைசி வழிப்பு வழிச்சுட்டு கத்தியை மடக்கினாரு. அம்சா எழுந்தா. தன் மண்டையைத் தானே ரெண்டு கையாலயும் தேய்ச்சுக்கினா. எல்லாரையும், மரத்தையும், டிராக்டரையும், போலீஸ் வேனையும் பொதுவா பார்த்துட்டு, கணீர்னு சொன்னா.

"போலாம் ரைட்."

ஏட்டுதான் முதல்ல சிரிச்சாரு. "ரெண்டு நாளா நாங்க தொண்டை கிழியக் கத்துறோம் ரோட்டைத் திறங்கடான்னு. இந்தம்மா சொல்லிடுச்சு. கேக்குறீங்களாய்யா?" அப்புறம் தொப்பியைச் சரி பண்ணிக்கினு, "சரி, தலைவன் யாரு? காதை மூடி முடி வச்சிருப்பான்னாங்க" ன்னாரு.

தங்கதுரை கவட்டையிலேருந்து எழுந்து நெஞ்சை நிமித்தி, "நான்தான்" ன்னான். மொட்டைத் தலை வெயில்ல மின்னுச்சு. வேட்டி எல்லாம் முடி.

ஏட்டு அவனை மேலயும் கீழயும் பார்த்தாரு. "நீ குழந்தைக்கு மாமன். மடி குடுக்க வந்தவன். போய்யா அந்தாண்ட."

"நெசமா நான்தான்யா தலைவன். கேட்டுப் பாருங்க."

அவரு கேக்கலை. கிளையில உக்காந்திருந்த சிலரை ஏத்திக்கினு போயி சாயங்காலம் விட்டுட்டாங்க. தங்கதுரையை ஏத்தலை. அவனுக்கு அந்தக் குறை ரொம்ப வருசம் இருந்துச்சு. ஆனா சத்தியம் தப்பலை, மரத்தை வுட்டு நகரலை இல்ல?

மஞ்சத்துணி முடிச்சை அன்னிக்கே சாமியம்மாள் சடையனோட நடந்து போய் பெருமாள்கிட்ட சேர்த்துட்டாங்க. டிராக்டர்ல இருந்த பழத்தட்டுச் சீரு கோயிலுக்குப் போகலை. மறியல் ஆளுங்களே வாழைப்பழமா தின்னு தீர்த்தாங்க. நானும் ரெண்டு தின்னேன். அமிர்தம் வேப்பெண்ணெய் போட்டுப் போட்டு, அந்தப் புண்ணு ஐப்பசிக்குள்ள ஆறிடுச்சு. சுவத்துல முட்டுறது நின்னுச்சு. கோடாங்கி பேச்சை சாமியம்மாள் அப்புறம் எடுக்கவே இல்ல. பதிலா வேற ஒரு பேச்சு எடுப்பாங்க. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம், "எம் பேத்தி மொட்டைக்குப் போலீசு பந்தோபஸ்து" ம்பாங்க.

காது குத்துறது மட்டும் பாக்கி நின்னுபோச்சு. அதுக்கு இன்னும் யாரு காதைக் குத்திக் காட்டுறதுன்னு ஆம்பளைங்க எல்லாம் கொஞ்ச நாள் எங்க தெருப் பக்கம் வராமலே இருந்தாங்க. அமிர்தம் அதை விட்டுட்டா. "காது சும்மா இருந்தா புண்ணு வராதுக்கா, அது போவட்டும்" ன்னா.

அம்சாவுக்கு இருக்கிறதுக்கு ஒரு பேரு உண்டுன்னு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கள்ளக்குறிச்சியில ஒரு டாக்டரம்மா ஆட்டிசம்னு சொன்னாங்க. அமிர்தம் கேட்டுக்கினா. "பேரு நல்லாத்தான் இருக்குது. பேரு வச்சதால எதுனா மாறுமா?" ன்னு கேட்டா. அந்தம்மா, நீங்க இவ்வளவு நாளா எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டதுக்கு, "எப்போ முடியும்னு முன்னாடியே காட்டிடுவேன்" ன்னா. அதுக்கு மேல அவளுக்குச் சொல்லத் தெரியலை.

இப்போ அம்சாவுக்கு நாப்பதுக்கு மேல ஆகுது. முடியை ஒட்ட வெட்டித்தான் வச்சிருக்கா. வளர்ந்துச்சுன்னா அவளே ஒரு கை புளியங்கொட்டையை எடுத்துக்கினு வந்து, வாசல்ல உக்காந்து, அம்மா கையைப் புடிச்சுத் தன் தலை மேல வைப்பா. தங்கதுரைக்குத் தானாவே மொட்டை ஆயிடுச்சு. வர்றப்போ எல்லாம் அவன் மண்டையைத் தேய்ச்சுட்டுத்தான் அம்சா சோறு சாப்பிட உக்காருவா. அவனும் குனிஞ்சு குடுப்பான்.